தோணிக்கு ஒரு ஸ்கிரீன், முத்துக்கு ஒரு ஸ்கிரீன்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணி ஒன்றில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-க்கு முழுதாகத் திறந்து, மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் தோணிக்காரரின் முகத்துக்குக் கையாலேயே ஃபோகஸ் செய்கிறீர்கள். டிஜிட்டல் ரிஃப்ளெக்ஸ் கேமராவின் வ்யூஃபைண்டரில் கண், மீசை, தோளில் கிடக்கும் துண்டு எல்லாமே பளிச்சென்று தெரிகின்றன. படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் துண்டின் நூல்களை எண்ணிவிடலாம், கண்ணோ கலங்கியிருக்கிறது. லென்ஸில் குறை இல்லை, உங்கள் பார்வையிலும் குறை இல்லை. வ்யூஃபைண்டருக்குள் நீங்கள் பார்த்த காட்சியும் சென்சாரில் பதிந்த காட்சியும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம், கேமராவின் கண்ணாடிக்கு மேலே படுத்திருக்கும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வில்லை. ஃபோகஸிங் ஸ்கிரீன் என்று பெயர். ஃபிலிம் காலத்துக் கேமராக்களில் இருந்த ஸ்கிரீன் வேறு வகை. கையால் ஃபோகஸ் செய்பவருக்காகவே உருவாக்கப்பட்டது அது. அதைக் கழற்றி, வெட்டி, டிஜிட்டல் கேமராவுக்குள் பொருத்தும் வேலையை உலகின் பல பகுதிகளில் ஆர்வலர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். தைவானிலும் அமெரிக்காவிலும் அதைச் சிறு தொழிலாகவே நடத்தினார்கள். இந்தக் கடற்கரையில் படமெடுப்பவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு பயன்படும், எங்கே பயன்படாது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் தூத்துக்குடியில் படமெடுக்கத் தகுந்த பொருள்களில் இரண்டு, தோணியும் முத்தும், இந்த ஸ்கிரீனிடம் நேர் எதிரான இரண்டு குணங்களைக் கேட்கின்றன.

முதலில் ஸ்கிரீன் எதற்கு என்று பார்ப்போம். லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 பாகை சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே ஒரு தளத்தில் பிம்பம் விழுகிறது. நாம் கண் வைத்துப் பார்ப்பது அந்தப் பிம்பத்தைத்தான். படமெடுக்கும் கணத்தில் கண்ணாடி மேலே மடிந்துகொள்ள, ஒளி நேராகப் பின்னால் போய்ச் சென்சாரில் விழுகிறது. லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சாருக்கு உள்ள தூரமும், அதே வளையத்திலிருந்து கண்ணாடி வழியாக ஸ்கிரீனுக்கு உள்ள தூரமும் சமமாக இருந்தாக வேண்டும். நிக்கான் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில் இது 46.5 மி.மீ.; கேனனின் ஈஎஃப் வகையில் 44 மி.மீ. இதில் எவ்வளவு பிசகலாம்? லென்ஸின் எஃப் எண்ணை, ஏற்கத்தக்க மங்கல் வட்டத்தின் (மங்கியும் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும் வட்டத்தின்) விட்டத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். சிறிய சென்சாருக்கு அந்த விட்டம் 0.02 மி.மீ. என்று கொள்வோம். எஃப் 1.4-ல் 0.028 மி.மீ. முன்னே போகலாம், அதே அளவு பின்னே போகலாம். அதைத் தாண்டினால் படம் மங்கும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை இது.

அந்தத் தளத்தில் வெறும் கண்ணாடித் தகடு இருந்தால் போதாதா? போதாது. தெளிந்த கண்ணாடி பிம்பத்தைத் தாங்காது. ஒளி ஊடுருவிப் போய்விடும். பிம்பம் அந்தரத்தில் எங்கே உருவானாலும் நம் கண் தானே சரிசெய்துகொண்டு அதைத் தெளிவாகப் பார்த்துவிடும். லென்ஸ் தவறான இடத்தில் இருப்பது நமக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பாக்குகிறார்கள். சொரசொரப்பில் பட்ட ஒளி சிதறுகிறது. பிம்பம் சரியாக அந்தத் தளத்தில் விழுந்தால் மட்டும் தெளிவாகத் தெரியும். ஒரு நூல் முன்னே பின்னே விழுந்தாலும் கலங்கும்.

இது பழைய சங்கதி. சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் பொறுப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி 1890-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் யார் முக்காலி நட்டுப் படமெடுத்திருந்தாலும், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் காட்சியைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்திருக்க முடியும். பிறகு அந்தக் கண்ணாடி இருந்த இடத்துக்கு ரசாயனத் தகடு வரும். தகட்டின் பூச்சு, கண்ணாடியின் சொரசொரப்பு இருந்த அதே தளத்தில் உட்கார வேண்டும். டிஜிட்டல் கேமராவில் ஸ்கிரீன் மாற்றுபவருக்கு இன்றிருக்கும் கவலையும் அதே கவலைதான்.

சொரசொரப்பு கூடக் கூட ஃபோகஸ் துல்லியமாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையும். ஃபிலிம் கேமராக்காரர்களுக்கு இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. கேமராவோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் எஃப் 2, எஃப் 1.8, எஃப் 1.4 என்று அகலமாகத் திறக்கும். 1985-ல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸைப் பரவலாக்கிய பிறகு நிலைமை மாறியது. கண்ணாடியே பாதி ஊடுருவும்படி ஆனது. ஒளியில் ஒரு பங்கு கீழே ஃபோகஸ் உணரிக்குப் போனது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸோ எஃப் 3.5-லிருந்து 5.6 வரைதான் திறந்தது. வ்யூஃபைண்டர் இருண்டுவிடக் கூடாதே என்பதற்காக, ஒளியை அதிகம் சிதறடிக்காமல் கண்ணை நோக்கியே அனுப்பும் நுண்ணிய மேற்பரப்புள்ள ஸ்கிரீன்களைச் செய்தார்கள். பளீரென்று தெரியும். ஆனால் லென்ஸின் நடுப்பகுதி வழியே, குறுகிய கூம்பாக வரும் ஒளியைத்தான் அது கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். லென்ஸின் ஓரங்கள் வழியே சாய்ந்து வரும் ஒளி பக்கவாட்டில் போய்விடும்.

விளைவு என்ன? லென்ஸ் எஃப் 1.4-ல் திறந்திருக்கிறது, சென்சார் அந்த ஒளி முழுவதையும் வாங்குகிறது. கண்ணுக்கோ ஏறக்குறைய எஃப் 2.8-ல் தெரியக்கூடிய காட்சிதான் தெரிகிறது. மூன்று மீட்டர் தொலைவில் 50 மி.மீ. லென்ஸுக்கு எஃப் 1.4-ல் தெளிவாக விழும் ஆழம், சிறிய சென்சாரில், சுமார் 20 செ.மீ. எஃப் 2.8-ல் சுமார் 40 செ.மீ. நீங்கள் வ்யூஃபைண்டரில் பார்த்தது 40 செ.மீ.; உங்களுக்குக் கிடைத்தது 20 செ.மீ. தோணிக்காரரின் கண் கலங்கியதும் துண்டு துலங்கியதும் இதனால்தான்.

உங்கள் கேமராவில் இதை இப்போதே சோதிக்கலாம். திறப்பு வளையம் உள்ள பழைய லென்ஸ் ஒன்றை மாட்டி, வ்யூஃபைண்டரில் பார்த்தபடியே எஃப் 1.4-லிருந்து 2-க்கும், 2-லிருந்து 2.8-க்கும் வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸ் உடனுக்குடன் மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆழம் பார்க்கும் பொத்தானை அழுத்திக்கொள்ளுங்கள். ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் வ்யூஃபைண்டர் மங்குவது தெரியாது. 2.8-ஐத் தாண்டிய பிறகுதான் இருளத் தொடங்கும். இந்தச் சோதனையைச் செய்து பார்த்தவர்கள் அதன்பின் வ்யூஃபைண்டரைக் கண்மூடித்தனமாக நம்ப மாட்டார்கள்.

பழைய ஸ்கிரீனில் சொரசொரப்போடு இன்னொரு அற்புதமும் இருந்தது. நடுவில் ஒரு சிறு வட்டம், குறுக்கே ஒரு கோடு. ஃபோகஸ் தவறியிருந்தால் கோட்டுக்கு மேலும் கீழும் காட்சி விலகி நிற்கும். சரியானால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஸ்டூடியோக்காரர்கள் இதை ஸ்பிளிட் என்பார்கள். 1953-ல் வந்த ஜைஸ் கான்டாஃப்ளெக்ஸிலேயே இது இருந்தது; பின்னர் ஏறத்தாழ எல்லா ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கும் பரவியது.

மின்சாரம் இல்லை, அசையும் பாகம் இல்லை. எதிரெதிராகச் சரிந்த இரண்டு ஆப்பு வடிவப் பிளாஸ்டிக் துண்டுகள் அவ்வளவுதான். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம் சரியாக ஃபோகஸ் தளத்தில் இருக்கும். ஒவ்வோர் ஆப்பும் ஒளியைச் சற்றே ஒரு பக்கம் வளைப்பதால், மேல் ஆப்பு லென்ஸின் ஒரு விளிம்பு வழியாகவும் கீழ் ஆப்பு எதிர் விளிம்பு வழியாகவும் காட்சியைப் பார்க்கின்றன. கட்டை விரலைக் கண்ணெதிரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள கம்பத்திலிருந்து விரல் இடமும் வலமும் தாவும். விரலையும் கம்பத்தையும் ஒன்றாக ஒட்டிவைத்தால் தாவாது. ஸ்பிளிட்டில் நடப்பதும் இதே இடமாறு தோற்றம்தான். பிம்பம் ஆப்புகளின் வெட்டுத் தளத்திலேயே விழுந்தால் இரு பாதியும் ஒன்றும். முன்னே பின்னே விழுந்தால் எதிரெதிர்த் திசையில் நகரும்.

கண்ணின் ஒரு தனித்திறமையை இது பயன்படுத்திக்கொள்கிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, இடைவெளி வேண்டும். ஆனால் ஒரு கோடு நடுவில் ஒடிந்து விலகியிருந்தால், அதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான விலகலைக்கூட நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். விழித்திரையின் பல செல்களிலிருந்து வரும் செய்தியை மூளை ஒன்றுசேர்த்துக் கோட்டின் இடத்தைக் கணிக்கிறது. வெர்னியர் அளவுகோலை நம்மால் படிக்க முடிவதும் இதே திறமையால்தான். மங்கலா தெளிவா என்று முடிவுசெய்வது கண்ணுக்குக் கடினம். ஒடிந்திருக்கிறதா சேர்ந்திருக்கிறதா என்று சொல்வது எளிது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் நன்றாகப் புரியும்.

தோணிக்கு இது பொருந்திய கருவி. பாய்மரம், அதைத் தாங்கும் கயிறுகள், துறைமுகத்துக் கிரேன்களின் கால்கள், விளக்குக் கம்பங்கள் எல்லாம் செங்குத்துக் கோடுகள். ஸ்பிளிட்டின் கோடு கிடையாக இருப்பதால் செங்குத்துக் கோடுதான் பளிச்சென்று ஒடியும். உப்பளத்தில் கதை வேறு. பாத்தி வரப்புகள் கிடைக்கோடுகள், தொடுவானமும் கிடைக்கோடு. அவை பக்கவாட்டில் நகர்ந்தாலும் நகர்ந்தது தெரியாது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு நிமிர்த்த வேண்டும். அல்லது கோடு சாய்வாக உள்ள ஸ்கிரீன் தேட வேண்டும். நண்பகலில் உப்பளத்தின் மேல் நெளியும் கானல் எந்த ஸ்கிரீனுக்கும் அடங்காது. அது காற்றின் வேலை. விடியற்காலையில் போவது ஒன்றே வழி.

இனி மாற்றும் வேலை. அதிகம் பயன்பட்டவை நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்3ஏ ஆகியவற்றின், ஸ்பிளிட் உள்ள கே வகை ஸ்கிரீன்கள். எஃப்எம்2 வந்தது 1982-ல், எஃப்எம்3ஏ 2001-ல். இவற்றில் லென்ஸ் வாயிலின் வழியாகவே ஸ்கிரீனை இடுக்கியால் எடுத்துவிடலாம். கேமராவைப் பிரிக்க வேண்டியதில்லை. 2004-ல் வந்த டி70 போன்ற டிஜிட்டல் கேமராக்களிலும் ஸ்கிரீனை ஒரு கம்பிக் கவ்விதான் பிடித்திருக்கிறது. ஃபிலிமுக்கான ஸ்கிரீன் 36க்கு 24 மி.மீ. சட்டத்துக்குச் செய்தது, இங்கே வேண்டியது ஏறக்குறைய 24க்கு 16. இரு பக்கமும் ஒட்டுத் தாள் ஒட்டி, ஸ்பிளிட்டின் மையம் விலகாமல் அளந்து, ஓரங்களை மெல்லிய அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக் குறைக்க வேண்டும். தேய்த்த தூள் ஒரு துளி உள்ளே போனாலும் வ்யூஃபைண்டரில் காலமெல்லாம் தெரியும். படத்தில் மட்டும் வராது; சென்சாரின் பாதையில் ஸ்கிரீன் இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கேமராவில் கண்ணாடி மேலே வந்து மோதும் இடத்தில், ஸ்கிரீனை ஒட்டி, ஒரு பட்டை நுரைப்பஞ்சு உண்டு. பாலியூரித்தேன் நுரை ஈரக்காற்றில் வேதிமாற்றம் அடைந்து தார்போலக் குழைந்துவிடும். தூத்துக்குடிக் காற்றில் அது சீக்கிரமே நடக்கும். அந்தக் குழம்பு ஸ்கிரீனில் ஒட்டினால் அநேகமாக ஸ்கிரீன் போனது போனதுதான். சாராயமோ வேறு கரைப்பானோ தொட்டால் நுண்ணிய வரிகள் கரைந்து மழுங்கும். விரல் ரேகையும் ஆகாது. ஊதுகுழலால் ஊதுங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பொருத்திய பிறகுதான் உண்மையான வேலை. கேமராவோடு வந்த ஸ்கிரீனும் மாற்றிப் பொருத்திய ஸ்கிரீனும் ஒரே தடிமன் அல்ல. சொரசொரப்புத் தளம் சற்று மேலேயோ கீழேயோ போய் உட்காரும். நாம் முன்பு கணக்கிட்ட 0.028 மி.மீ. இங்கேதான் கண்முன் வந்து நிற்கிறது. ஸ்கிரீனுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையே ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டுச் சட்டங்களைச் சேர்த்தோ எடுத்தோ தளத்தைச் சரிசெய்கிறார்கள். சோதனை எளிது. ஓர் அளவுகோலை 45 பாகை சாய்த்து வையுங்கள், கேமராவை முக்காலியில் நிறுத்துங்கள், லென்ஸை முழுதாகத் திறந்துவையுங்கள், ஸ்பிளிட்டைப் பார்த்து ஒரு கோட்டுக்கு ஃபோகஸ் செய்து படமெடுங்கள். எந்தக் கோடு தெளிவாக வந்திருக்கிறது என்று பார்த்தால் எந்தப் பக்கம் பிசகு என்று தெரிந்துவிடும். லைவ் வ்யூ உள்ள கேமரா என்றால் இன்னும் நல்லது. அந்தக் காட்சி சென்சாரிலிருந்தே வருவதால் அதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஸ்கிரீன் ஒத்துப்போகிறதா என்று உடனே ஒப்பிடலாம். பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே மேல். ஷிம் சரியில்லாத ஸ்பிளிட் தவறான இடத்தில் கோட்டை அழகாகச் சேர்த்துக் காட்டும். பழைய மங்கலைவிட அது ஆபத்து.

ஆட்டோஃபோகஸ் இதனால் கெடாது. அதன் உணரி கண்ணாடிப் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஒளியளவீடு மட்டும் பாதிக்கப்படும். அளக்கும் கருவி வ்யூஃபைண்டருக்குப் பக்கத்திலிருந்து ஸ்கிரீனைத்தான் பார்க்கிறது; ஸ்கிரீனின் பிரகாசம் மாறினால் கணக்கும் மாறும். நடுப்புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறையில் ஸ்பிளிட்டே குறுக்கே நிற்பதால் பிழை பெரிதாகும். டி70 கேமராவோ பழைய கைமுறை லென்ஸ்களுக்கு ஒளியே அளக்காது, டி200 அளக்கும். கேனன் பயனர்களுக்கு வேறு வசதி இருந்தது. 2005-ன் 5டி, 2012-ன் 6டி ஆகியவற்றுக்கு அகலத் திறப்பு லென்ஸுக்கான கூடுதல் துல்லிய ஸ்கிரீனை நிறுவனமே விற்றது. மெனுவில் எந்த ஸ்கிரீன் என்று சொல்லிவிட்டால் ஒளிக்கணக்கையும் கேமரா திருத்திக்கொள்ளும். வெட்டும் வேலையே இல்லாத வழி அது.

இப்போது முத்து. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் ஆய்வு தொடங்கி, அதன் விஞ்ஞானி கே. அழகர்சாமியின் முயற்சியில் 1973-ல் முத்துச் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியது. அப்படி ஒரு முத்து, ஆறு மி.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம், அதை உள்ளபடியான அளவில் சென்சாரில் விழவைத்துப் படமெடுக்க முயலுங்கள். மேலே புகழ்ந்த ஸ்பிளிட் இங்கே அடியோடு கைவிட்டுவிடும்.

காரணம் இரண்டு. முத்தில் கோடு கிடையாது, ஒடிவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது காரணம் கணக்கு. ஆப்பு ஒளியை ஏறக்குறைய ஐந்து பாகை வளைக்கிறது என்று கொண்டால், லென்ஸிலிருந்து வரும் ஒளிக்கூம்பின் விளிம்பும் குறைந்தது அந்த அளவு சாய்ந்திருக்க வேண்டும். எஃப் 2.8-ல் கூம்பின் பாதிக் கோணம் பத்துப் பாகை; தாராளம். எஃப் 5.6-ல் ஐந்து பாகை, மயிரிழை. அதற்கும் கீழே போனால் ஆப்பு பார்க்கும் திசையில் லென்ஸே இருக்காது. ஸ்பிளிட்டின் ஒரு பாதி கறுத்துப்போகும். பொருளின் அளவும் பிம்பத்தின் அளவும் சமமாகும்போது லென்ஸ் முன்னே நகர்ந்து, எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிறது. 2.8 லென்ஸ் 5.6 ஆகிவிடும். மேக்ரோ வேலைக்கு ஸ்பிளிட் இல்லாத, முழுவதும் சொரசொரப்பான ஸ்கிரீனைப் பழைய கேமராக்காரர்கள் தேடியதற்கு இதுதான் காரணம். ஆட்டோஃபோகஸும் முத்தின் மேல் தடுமாறும். அதுவும் லென்ஸின் இரு விளிம்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிதான். பிடித்துக்கொள்ளக் கோடோ நிறவேறுபாடோ இல்லாத இடத்தில் முன்னும் பின்னும் அலையும்.

இன்னும் நுட்பமான சிக்கல், முத்தில் எதற்கு ஃபோகஸ் செய்வது என்பது. முத்து ஒரு குவியாடி. எதிரே தூரத்தில் இருக்கும் ஜன்னலின் பிம்பம் முத்தின் தோலில் இருப்பதில்லை. ஆரத்தில் பாதி அளவு உள்ளே, நம் முத்தில் 1.5 மி.மீ. ஆழத்தில் தெரிகிறது. உள்ளபடியான அளவில் எஃப் 8-ல் தெளிவாகும் ஆழமே 0.64 மி.மீ.தான். ஜன்னலின் ஒளிர்வைத் துல்லியமாக்கினால் தோல் மங்கும். தோலைப் பிடித்தால் ஒளிர்வு பரவி நிற்கும். போதாததற்கு, முத்தின் தோல் அரை மைக்ரான் அளவு தடிமனுள்ள அரகோனைட் தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. ஒளியில் ஒரு பகுதி உள்ளே புகுந்து, அடுக்குகளிலிருந்து திரும்பி வருகிறது. முத்தின் ஒளி என்று நாம் ரசிப்பது ஒரே தளத்தில் நடக்கும் காரியம் அல்ல. இங்கே எந்தக் கருவியும் உங்களுக்காக முடிவெடுக்காது. நல்ல சொரசொரப்பு ஸ்கிரீனில் லென்ஸை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, ஒளிர்வு சுருங்கும் இடத்தையும் தோலின் நுண்குழிகள் எழும் இடத்தையும் கண்ணால் பார்த்து, இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

உள்ளே கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். அதில் ஸ்கிரீனே கிடையாது. சென்சார் பார்ப்பதையே கண்ணும் பார்க்கிறது, பத்து மடங்கு பெரிதாக்கியும் பார்க்கலாம். புதிதாகக் கேமரா வாங்குபவர் பழைய லென்ஸுக்காக ரிஃப்ளெக்ஸ் வாங்கி வெட்டி ஒட்ட வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் கையில் ஏற்கெனவே ரிஃப்ளெக்ஸ் வைத்திருக்கும் மாணவருக்கு, பழைய 50 மி.மீ. லென்ஸும் ஒரு பழைய ஸ்கிரீனும் சேர்ந்தால் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் ஒளியியல் கொஞ்சநஞ்சமல்ல. ஷிம் வைத்துத் தளத்தைச் சரிசெய்தவர் அதன்பின் ஃபோகஸ் என்ற சொல்லை அலட்சியமாகச் சொல்ல மாட்டார்.

நம் ஊர் ஸ்டூடியோக்களின் அலமாரிகளில் ஷட்டர் இறுகிப்போன எஃப்எம்2-க்கள் இன்னும் இருக்கும். பழைய இரும்பு விலைக்குப் போடுவதற்கு முன் லென்ஸ் வாயிலைத் திறந்து, நுரைக் குழம்பு தொடாத ஸ்கிரீனாக இருந்தால் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட சிறு டப்பாவில் வைத்துவிடுங்கள். கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.